உயிரணுவின் உள்ளறைகள்

தாவர உயிரணுவுக்கும் விலங்கு உயிரணுவுக்கும் இடையேயுள்ள வேறுபாடுகளை அட்டவணைப்படுத்துக என்னும் வினாவுக்கு விடையெழுதாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர் நம்மில் அரியர். சுவர் அதற்கு உண்டு, இதற்கு இல்லை. பசுங்கணிகம் அதற்கு உண்டு, இதற்கு இல்லை. சென்ட்ரியோல் இதற்கு உண்டு, அதற்கு இல்லை என்று வரிசையாக எழுதி மதிப்பெண் பெற்றதோடு அந்தப் பாடம் பெரும்பாலோர்க்கு முடிந்துவிடுகிறது. பெயர்கள் சில நினைவில் நிற்கின்றன. கண்ணுக்குப் புலப்படாத அத்துணைச் சிறிய ஓர் உருவுக்குள் இத்தனை அறைகள் எதற்கு, அவற்றைப் பிரிக்கும் திரைகள் எதற்கு என்னும் கேள்வி எழுவதற்குள் தேர்வு வந்துவிடுகிறது.

அக்கேள்விக்கான விடையின் ஒரு பகுதியை நம் வீட்டு அடுக்களையிலேயே காணலாம். கத்தரிக்காயை அரிந்து தண்ணீரில் போடாமல் வைத்தால் சற்று நேரத்தில் வெட்டிய பக்கம் கறுத்துவிடுகிறது. அக்காயின் உயிரணுக்களில் ஃபீனால் சேர்மங்கள் ஓர் அறையிலும், அவற்றைக் கறுக்கச் செய்யும் நொதி வேறோர் அறையிலும் இருக்கின்றன. காய் முழுமையாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றையொன்று தீண்டுவதில்லை. கத்தி இடையிலிருந்த திரைகளைக் கிழித்ததும் இரண்டும் கலக்கின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர, கறுப்பு உண்டாகிறது. வெங்காயத்தின் நிலையும் இதுவே. முழு வெங்காயம் கண்ணை உறுத்துவதில்லை. கந்தகச் சேர்மம் ஓரிடத்திலும் அதைச் சிதைக்கும் நொதி மற்றோரிடத்திலும் ஒதுங்கியிருந்த நிலை, நறுக்கும்போது குலைந்துவிடுவதால்தான் கண்ணீர் வருகிறது.

முழுக் காயிலும் நறுக்கிய காயிலும் இருக்கும் பொருள்கள் ஒன்றே. மாறியது அவற்றின் இடையிலிருந்த எல்லை மட்டுமே. உயிர் என்பது பொருள்களின் சேர்க்கையால் மட்டும் அமைவதன்று. உரிய இடத்தில் உரியதைப் பிரித்து வைப்பதாலும் அமைவது. உயிரணுவின் உறுப்புகளை இந்த நோக்கில் பார்த்தால், மனப்பாடம் செய்த அட்டவணைக்குப் பொருள் கிடைக்கிறது. அதுமட்டுமன்றி, நம் குடும்பங்களைத் தொடும் சில நோய்களின் காரணமும் விளங்குகிறது.

பெயர் வந்த வழி

1665-ஆம் ஆண்டு லண்டனில் வெளியான 'மைக்ரோகிராஃபியா' என்னும் நூலில் ராபர்ட் ஹூக், தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றைத் தம் நுண்ணோக்கியில் கண்டதை விவரித்தார். தேனடையைப் போல் அடுக்கடுக்காக அமைந்த வெற்றுக் கூடுகளைக் கண்ட அவர், சிற்றறை எனப் பொருள்படும் 'செல்' என்னும் சொல்லால் அவற்றைக் குறித்தார். தக்கை என்பது ஒருவகை ஓக் மரத்தின் பட்டையிலுள்ள உயிரற்ற பகுதி. ஆகவே ஹூக் கண்டது உயிர் நீங்கிய அறைகளின் சுவர்களை மட்டுமே. உள்ளே இருந்தவை எப்போதோ மறைந்துவிட்டன.

அரபு மொழியில் உயிரணுவுக்கு வழங்கும் சொல் 'கலிய்யா' என்பது. தேனீக்கள் வாழும் கூட்டுக்கு அம்மொழியில் நெடுங்காலமாக வழங்கிவரும் சொல்லும் அதுவே. அறைகள் பலவாக இருந்தும் ஒரே குடியாக இயங்கும் இருப்பிடம் என்னும் பொருளை அது தருவதால், 'செல்' என்பதைவிட இது பொருத்தமான பெயர் எனலாம்.

1831-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், ஆர்க்கிட் செடிகளின் உயிரணுக்களில் தவறாமல் காணப்பட்ட ஒரு திரட்சிக்கு 'நியூக்ளியஸ்' என்று பெயரிட்டார். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். அரபியர் இதற்கு 'நவாத்' என்று பெயர் கொண்டனர். பேரீச்சங்கொட்டை என்பது அதன் பொருள். தமிழில் நாம் உட்கரு என்கிறோம். 1838-இல் ஷ்லெய்டன் தாவரங்களுக்கும், 1839-இல் ஷ்வான் விலங்குகளுக்கும் உயிரணுவே அடிப்படை அலகு என்று நிறுவினர். உயிரணு இன்னோர் உயிரணுவிலிருந்தே தோன்றும் என்னும் கருத்தை 1855-இல் ஃபிர்ஹோ வலியுறுத்தினார்.

ஆயினும் ஒளி நுண்ணோக்கியால் ஒரு வரம்புக்குமேல் காண இயலாது. 1945-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த அறிஞர்கள் முழு உயிரணு ஒன்றின் முதல் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை வெளியிட்டபின்னரே உள்ளறைகளின் உண்மையான அமைப்பு வெளிப்படத் தொடங்கியது. அதுவரை வெறும் கூழ் என்று கருதப்பட்ட சைட்டோபிளாசத்தில் வலைகளும் பைகளும் இழைகளும் நிறைந்திருப்பது அதன்பின் தெரியவந்தது.

புறத்திரையும் நீரின் அழுத்தமும்

எல்லா உயிரணுக்களுக்கும் பொதுவான முதல் எல்லை உயிரணுச் சவ்வு. 1925-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் என்னும் இருவர், சிவப்பணுக்களிலிருந்து பிரித்தெடுத்த கொழுப்பை நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பி அளந்தனர். அது அந்த அணுக்களின் மேற்பரப்பைப்போல் இருமடங்கு இடத்தை அடைத்தது. எனவே சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பாலானது என்று முடிவு செய்தனர். அம்முடிவு சரியானது என்று பின்னர் உறுதியாயிற்று. நீரை விரும்பும் தலைகள் இருபுறமும் வெளிநோக்கி நிற்க, நீரை வெறுக்கும் வால்கள் நடுவில் ஒன்றையொன்று நோக்கி மறைந்துகொள்கின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றில் சில கூறுகளின் அளவே இச்சவ்வின் தடிமன்.

இவ்வளவு மெல்லிய திரை எப்படிக் காவல் செய்கிறது? அது மூடிய சுவர் அன்று; வாயில்கள் பதித்த திரை. கொழுப்பு அடுக்கினூடே புரதங்கள் பதிந்துள்ளன. அவற்றுள் சில நீரை மட்டும் விடுகின்றன. சில சர்க்கரையை மட்டும் விடுகின்றன. சில, ஆற்றலைச் செலவிட்டு, சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கின்றன. நரம்பின் செய்தியும் இதயத்தின் துடிப்பும் இந்த உப்புகளின் ஏற்றத்தாழ்வைச் சார்ந்தே நிகழ்கின்றன. இருபுறமும் சமமாகிவிட்ட உயிரணு இறந்த உயிரணு.

தாவரமும் விலங்கும் வழி பிரிவதை இங்கிருந்தே காணலாம். உயிரணுவுக்குள் கரைபொருள்கள் மிகுதி. ஆகவே வெளியில் நன்னீர் இருந்தால் அது உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். நம் சிவப்பணுக்களைத் தூய நீரில் இட்டால் அவை உப்பி வெடித்துவிடுகின்றன. ஒட்டகம் இதில் தனிச்சிறப்புடையது. நாள்கணக்கில் நீரின்றி நடந்த ஒட்டகம், நீர்நிலையை அடைந்ததும் சில நிமிடங்களில் 100 லிட்டர் அளவுக்குக் குடித்துவிடுகிறது. அந்த நீர் குருதியில் கலக்கும்போது அதன் சிவப்பணுக்கள் சிதைவதில்லை. பிற பாலூட்டிகளின் சிவப்பணுக்கள் வட்டத் தட்டுகளாக இருக்க, ஒட்டக இனத்தில் அவை நீள்வட்ட வடிவின. தம் இயல்பான கன அளவைப்போல் இருமடங்குக்கு மேல் விரிந்தும் உடையாமல் தாங்கக்கூடியவை.

தாவரம் வேறு வழியைக் கையாள்கிறது. சவ்வுக்கு வெளியே செல்லுலோஸ் இழைகளாலான உறுதியான சுவரை எழுப்பிக்கொள்கிறது. நீர் உள்ளே வரட்டும், சுவர் தாங்கிக்கொள்ளும். உள்ளே ஏறும் அழுத்தம் காற்று மண்டல அழுத்தத்தைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு வரை இருப்பதுண்டு. அந்த அழுத்தமே எலும்பில்லாத கீரைத் தண்டை நிமிர்ந்து நிற்கச் செய்கிறது. நீர் குறைந்தால் அழுத்தம் தளர்ந்து கீரை வாடுகிறது. தண்ணீர் தெளித்தால் மீண்டும் நிமிர்கிறது.

நிற்பதும் நடப்பதும்

அட்டவணையில் நாம் எழுதிய வேறுபாடுகள் பலவற்றுக்கும் இதுவே வேர். தாவரம் நின்ற இடத்திலேயே உணவு ஆக்குகிறது. விலங்கு உணவைத் தேடி நடக்கிறது. நடக்க வேண்டிய உடலுக்குச் சுவர் தடையாகும். தசையின் உயிரணு சுருங்கி விரிய வேண்டும். கிருமியை விரட்டும் வெள்ளணு உருமாறி நெளிந்து சென்று அதை விழுங்க வேண்டும். சுவருக்குள் அடைபட்ட உயிரணுவால் இவை இயலா. ஆகவே விலங்கு உயிரணு சுவரைத் துறந்து, உள்ளே புரத இழைகளாலான சட்டகத்தை அமைத்துக்கொண்டது. அந்த இழைகள் தேவைக்கேற்பக் கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வருகின்றன. தாவர உயிரணுவிலும் அத்தகைய இழைகள் உண்டு. வடிவத்தைத் தாங்கும் பெரும்பொறுப்பு அங்கே சுவரிடம் உள்ளது.

சுவர் வெறும் வேலி மட்டுமன்று. பேரீச்சங்கொட்டை ஏன் அவ்வளவு கடினம் என்று நோக்கினால் இது விளங்கும். அக்கொட்டையின் உயிரணுச் சுவர்கள் மிகத் தடித்தவை. மன்னான் என்னும் கூட்டுச் சர்க்கரை அவற்றில் செறிந்துள்ளது. முளைக்கும் இளங்கன்று அந்தச் சுவரையே சிறிது சிறிதாகக் கரைத்து உண்டு வளர்கிறது. கோட்டைச் சுவரே களஞ்சியமாகவும் அமைந்தது. இனி, சுவர் இருந்தும் தாவர உயிரணுக்கள் தனிமைப்பட்டவை அல்ல. சுவரைத் துளைத்துச் செல்லும் நுண்ணிய கால்வாய்கள் வழியே அண்டை உயிரணுக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன.

முதிர்ந்த தாவர உயிரணுவின் நடுவே, சில வேளைகளில் அதன் கன அளவில் பத்தில் ஒன்பது பங்கை அடைத்துக்கொண்டு, ஒரு பெரிய நுண்குமிழ்ப்பை இருக்கிறது. நீரைச் சேமிப்பது, அழுத்தத்தைக் காப்பது, கழிவையும் நச்சையும் ஒதுக்கி வைப்பது, கத்தரிக்காய்த் தோலின் ஊதாவையும் பீட்ரூட்டின் சிவப்பையும் தாங்குவது ஆகிய அனைத்தும் இதன் பணிகள். விலங்குக்குச் சிறுநீரகம் உண்டு. கழிவை உடலுக்கு வெளியே அனுப்பலாம். இடம்பெயராத தாவரமோ தன் ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் ஒரு கிடங்கை வைத்துக்கொள்கிறது.

பிரியும் முறையிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. விலங்கு உயிரணு இரண்டாகும்போது நடுவில் கயிற்றால் இறுக்கியதுபோல் சுருங்கிப் பிரிகிறது. தாவர உயிரணு அவ்வாறு சுருங்க இயலாது. நடுவிலிருந்து புதிய சுவரை எழுப்பிக்கொண்டே விளிம்புக்குச் செல்கிறது. விலங்கு உயிரணுவில் இழைகள் கிளம்பும் மையத்தில் சென்ட்ரியோல்கள் உள்ளன. பூக்கும் தாவரங்களில் அவை இல்லாமலே பிரிதல் ஒழுங்காக நடைபெறுகிறது.

ஏட்டறையும் பணிமனையும்

உட்கருவைச் சூழ்ந்து இரட்டைச் சவ்வு உள்ளது. மனித உயிரணு ஒன்றின் உட்கருவில் 46 குரோமோசோம்களாகச் சுருட்டி வைக்கப்பட்டுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றோடொன்று இணைத்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். இந்த மூல ஏடு உட்கருவை விட்டு வெளியே செல்வதில்லை. தேவையான பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் படியாக எடுக்கப்பட்டு, சவ்விலுள்ள துளைகள் வழியே வெளியேறுகிறது. அரிய கையெழுத்துச் சுவடியை நூலகத்திலேயே காத்து, படி எடுத்து மட்டும் வெளியே தருவது போன்ற ஏற்பாடு இது. மூலம் சேதமுறாமல் காக்கப்படுகிறது. படி பயன்பட்டபின் அழிக்கப்படுகிறது. உட்கருவை இழந்த உயிரணு நெடுநாள் வாழ்வதில்லை என்பதற்கு நம் சிவப்பணுவே சான்று. முதிரும்போதே உட்கருவை வெளியேற்றிவிடும் அது, தன்னைப் பழுதுபார்க்க வழியின்றி ஏறத்தாழ 120 நாள்களில் முடிவெய்துகிறது.

வெளியே வந்த படியை வாசித்துப் புரதத்தைக் கோப்பவை ரைபோசோம்கள். இவற்றின் அணு அளவிலான அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவருள் வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன் ஒருவர். அவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். உயிரணுவுக்குள்ளேயே பயன்படும் புரதங்கள் பலவும் தனித்து நிற்கும் ரைபோசோம்களில் உருவாகின்றன. வெளியே அனுப்ப வேண்டியவையும் அறைகளுக்குள் அடைக்க வேண்டியவை பலவும் எண்டோபிளாச வலையின் மேல் ஒட்டியுள்ள ரைபோசோம்களில் உருவாகி அவ்வலைக்குள் செலுத்தப்படுகின்றன.

கணையத்தில் உருவாகும் இன்சுலினை எடுத்துக்கொள்வோம். வலைக்குள் புகுந்த அந்தப் புரதம் அங்கே உரிய வடிவில் மடிகிறது. பின்னர் சிறு குமிழ்களில் ஏறி கோல்கை உறுப்பை அடைகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தட்டையான பைகள் போன்ற இவ்வுறுப்பு, வந்த சரக்கைச் செப்பனிட்டு, போகுமிடத்துக்கு ஏற்பப் பிரித்து, மீண்டும் குமிழ்களில் அடைத்து அனுப்புகிறது. இரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் காத்திருந்த இன்சுலின் குமிழ்கள் புறச்சவ்வோடு இணைந்து தம் சரக்கை வெளியே கொட்டுகின்றன.

இத்தாலியின் பாவியா நகரில் காமில்லோ கோல்கி 1898-இல் ஆந்தையின் நரம்பணுக்களை வெள்ளி உப்பால் சாயமேற்றி ஆராயும்போது இவ்வுறுப்பைக் கண்டார். அது சாயத்தால் தோன்றிய போலித் தோற்றமே என்று பலர் பல்லாண்டு ஐயுற்றனர். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அவ்வையத்தைத் தீர்த்தது.

ஆற்றல் பிறக்கும் இடம்

மைட்டோகாண்ட்ரியாவை உயிரணுவின் ஆற்றல் நிலையம் என்று எல்லாப் பாடநூல்களும் கூறுகின்றன. அங்கே ஆற்றல் எவ்வாறு பிறக்கிறது என்பதே நாம் எடுத்துக்கொண்ட கருத்துக்குச் சிறந்த சான்று. 1961-இல் பீட்டர் மிட்செல் என்னும் ஆங்கிலேய அறிஞர் ஒரு விளக்கத்தை முன்வைத்தார். உணவை எரிப்பதால் கிடைக்கும் ஆற்றல், மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வின் ஒருபுறத்திலிருந்து மறுபுறத்துக்கு ஹைட்ரஜன் அயனிகளை இறைப்பதில் செலவாகிறது. ஒருபுறம் அவை மிகுந்து மறுபுறம் குறையும்போது, அணையில் தேங்கிய நீர்போல் அவை திரும்பி வர முயல்கின்றன. அவை வரும் வழியில் ஒரு புரதச் சுழலி உள்ளது. அது சுழல்வதால் ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறு உண்டாகிறது. தொடக்கத்தில் பலர் ஏற்க மறுத்த இக்கருத்துக்காக மிட்செல் 1978-இல் நோபல் பரிசு பெற்றார். சவ்வில் பொத்தல் விழுந்தால் அயனிகள் வீணே கசிந்துவிடும், ஆற்றல் பிறக்காது. அணையில்லாத ஆற்றில் மின்சாரம் எடுக்க இயலாததைப் போன்றது அது.

தாவரத்தின் பசுங்கணிகத்திலும் இதே அணையும் இதே சுழலியும் உண்டு. அங்கே இறைக்கும் வேலையைச் சூரிய ஒளி செய்விக்கிறது. பச்சையம் ஒளியைப் பற்றுகிறது. நீர் பிளக்கப்பட்டு ஆக்சிஜன் வெளியாகிறது. உண்டான ஆற்றலைக்கொண்டு கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை ஆக்கப்படுகிறது. தாவரத்துக்குப் பசுங்கணிகம் இருப்பதால் மைட்டோகாண்ட்ரியா இல்லை என்று எண்ணுவோர் உண்டு; அது சரியன்று. இரவில் பசுங்கணிகம் ஒளியின்றி ஓய்ந்திருக்கும். மண்ணுக்குள்ளிருக்கும் வேருக்குப் பகலிலும் ஒளியில்லை. ஆக்கிய உணவை எரித்து ஆற்றலாக்க எல்லாத் தாவரங்களுக்கும் மைட்டோகாண்ட்ரியா தேவை.

இவ்விரண்டு உறுப்புகளும் இரட்டைச் சவ்வு உடையவை. இரண்டும் தமக்கெனத் தனி டி.என்.ஏ. கொண்டவை. முற்காலத்தில் தனித்து வாழ்ந்த நுண்ணுயிர்கள் பெரிய உயிரணுவுக்குள் புகுந்து நிலைத்து உறுப்புகளாயின என்னும் விளக்கத்தை 1967-இல் லின் மார்குலிஸ் விரிவாக முன்வைத்தார். இன்று உயிரியலாளர் பொதுவாக ஏற்கும் விளக்கம் அதுவே. மனித மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ. 16,569 இணைகள் கொண்ட சிறு வளையம். அதில் 37 மரபணுக்கள் உள்ளன. அது தாயிடமிருந்தே பிள்ளைகளுக்கு வருகிறது.

குளிர்பெட்டியில் வெளிப்பட்ட உண்மை

எல்லாவற்றினும் எல்லையின் இன்றியமையாமையை உணர்த்தும் உறுப்பு லைசோசோம். அது கண்டறியப்பட்ட வரலாறு சுவையானது. பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டூவ் 1949-இல் எலியின் கல்லீரலை அரைத்து அதிலுள்ள அமில ஃபாஸ்ஃபட்டேஸ் என்னும் நொதியின் செயலை அளந்தார். எதிர்பார்த்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே கிடைத்தது. அதே சரக்கைக் குளிர்பெட்டியில் ஐந்து நாள் வைத்திருந்து மீண்டும் அளந்தபோது செயல் முழுமையாக இருந்தது. நொதி புதிதாகத் தோன்றியிருக்க வழியில்லை. அப்படியானால் அது ஒரு பைக்குள் அடைபட்டிருந்து, நாள்பட்டதால் பை நைந்து வெளிவந்திருக்க வேண்டும். இவ்வாறு உய்த்துணர்ந்து, 1955-இல் அப்பைக்கு லைசோசோம் என்று பெயரிட்டார். 1974-இல் அவருக்கும், ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பாலாடே ஆகியோருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உயிரணுவின் தேய்ந்த உறுப்புகளையும் வெளியிலிருந்து விழுங்கியவற்றையும் சிதைத்து மீண்டும் பயன்படுமாறு செய்வது லைசோசோமின் பணி. தாவரத்தில் இப்பணியைப் பெரிதும் நுண்குமிழ்ப்பையே செய்கிறது. புரதம், கொழுப்பு, சர்க்கரை, டி.என்.ஏ. அனைத்தையும் கரைக்கும் நொதிகள் லைசோசோமில் உள்ளன. அவை உயிரணுவையே கரைத்துவிடாமல் காப்பவை இரண்டு. ஒன்று, சுற்றியுள்ள சவ்வு. மற்றொன்று, அந்த நொதிகள் அமிலச் சூழலில் மட்டுமே நன்கு இயங்கும் என்பது. பைக்குள் அமிலம் செறிந்துள்ளது. வெளியே அது இல்லை. ஒரு பை கிழிந்தாலும் சிந்திய நொதிகள் பெரும்பாலும் வலுவிழந்துவிடுகின்றன.

ஒரு நொதி குறைந்தால்

இப்பைக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட நொதிகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று மட்டும் பிறவியிலேயே இல்லாமற் போனால், அது சிதைக்க வேண்டிய பொருள் நாள்தோறும் பையில் தேங்குகிறது. உயிரணு வீங்குகிறது, உறுப்பு கெடுகிறது. கோஷே நோயில் ஒருவகைக் கொழுப்பு மண்ணீரல், கல்லீரல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றில் தேங்குகிறது. பாம்பே நோயில் கிளைக்கோஜன் தசைகளிலும் இதயத்திலும் சேர்கிறது. டே-சாக்ஸ் நோயில் நரம்பணுக்கள் நிரம்பி, சில மாதங்கள் நன்கு வளர்ந்த குழந்தை பார்வையையும் அசைவையும் படிப்படியாக இழக்கிறது. வேறொரு வகை நோயில் நொதிகள் அனைத்தும் உருவாகின்றன. ஆனால் லைசோசோமுக்குச் செல்ல வேண்டும் என்று கோல்கை உறுப்பு ஒட்ட வேண்டிய அடையாளம் ஒட்டப்படுவதில்லை. முகவரியற்ற கடிதங்கள்போல் நொதிகள் உயிரணுவுக்கு வெளியே சென்றுவிட, உள்ளே குப்பை சேர்கிறது.

இந்நோய்களில் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவைப் பெற்ற குழந்தைக்கே வருகின்றன. ஒன்றை மட்டும் பெற்றவர் நலமாகவே வாழ்வார். தம்மிடம் அது இருப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. உறவினர் இருவரும் ஒரே பாட்டனாரிடமிருந்து அதே பழுதைப் பெற்றிருக்கக் கூடும் என்பதால், நெருங்கிய உறவில் மணம் முடிப்போரிடையே இவ்வாய்ப்பு கூடுகிறது. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரில், பெரும்பாலும் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்களில் காணப்படும் இத்தகைய மணங்களை ஆராய்ந்து 2013-இல் வெளியான ஆய்வு, பிறவிக் கோளாறு வரும் வாய்ப்பு சுமார் 3 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாக உயர்வதாகக் காட்டியது.

இந்த எண்ணை இருபுறமும் பார்க்க வேண்டும். உறவில் மணந்தோரின் குழந்தைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் கோளாறின்றியே பிறக்கின்றனர். ஆகவே அச்சுறுத்தலுக்கு இடமில்லை. எனினும் இருமடங்காகும் இடர் புறக்கணிக்கத்தக்கதும் அன்று. தமிழகத்தில் உறவுமுறைத் திருமணம் பல சமூகத்தாரிடமும் வேரூன்றிய வழக்கம். தாய்மாமன் மருமகளை மணப்பது மார்க்கத்தில் விலக்கப்பட்டது. பெற்றோருடன் பிறந்தாரின் மக்களை மணப்பது அனுமதிக்கப்பட்டது. அனுமதி என்பது கட்டாயம் அன்று என்பதை மார்க்கச் சட்டம் கற்றோர் அறிவர். குடும்பத்தில் ஏற்கெனவே இத்தகைய குழந்தை பிறந்திருந்தால், அல்லது காரணம் தெரியாமல் கைக்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்திருந்தால், அதே குடும்பத்துக்குள் மீண்டும் சம்பந்தம் பேசுமுன் மரபியல் மருத்துவரிடம் ஆலோசனை பெறுவது அறிவுடைமை. 'கண்ணேறு', 'மருமகளின் ராசி' என்று ஒரு பெண்ணின் மேல் பழி சுமத்துவதற்கு இங்கே சிறிதும் அடிப்படை இல்லை. பழுது இருவரிடமிருந்தும் வருவது. எவருடைய குற்றமும் அன்று.

மருத்துவமும் ஓரளவு முன்னேறியுள்ளது. கோஷே நோயில் எந்த நொதி குறைகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ராஸ்கோ பிராடி 1965-இல் கண்டறிந்தார். மனித நஞ்சுக்கொடியிலிருந்து பிரித்தெடுத்த அந்நொதியை ஊசிவழி செலுத்தும் மருந்து 1991-இல் அங்கே ஒப்புதல் பெற்றது. செலுத்திய நொதியை உயிரணு விழுங்கித் தன் லைசோசோமில் சேர்த்துக்கொள்கிறது. இன்று பாம்பே நோய் உள்ளிட்ட வேறு சிலவற்றுக்கும் இத்தகைய மருந்துகள் உள்ளன. ஆனால் இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடையை அந்நொதிகள் பெரும்பாலும் கடப்பதில்லை. ஆகவே மூளையைத் தாக்கும் வகைகளில் அவற்றால் போதிய பயன் விளைவதில்லை. மூளையைக் காக்க அமைந்த எல்லையே இங்கே மருந்துக்குத் தடையாக நிற்கிறது. மருந்தின் விலையோ சாதாரணக் குடும்பத்தால் எண்ணிப்பார்க்க இயலாதது. 2021-இல் இந்திய அரசு அறிவித்த அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையில் லைசோசோம் நோய்கள் சில இடம்பெற்றுள்ளன. இத்தகைய குழந்தையுடைய பெற்றோர் அக்கொள்கையின்கீழ் அமைந்த சிறப்பு மருத்துவ மையங்களை விரைந்து அணுக வேண்டும். தேங்கிய பொருள் உறுப்பைக் கெடுத்தபின் தொடங்கும் சிகிச்சையைவிட முன்னரே தொடங்கும் சிகிச்சை மிகுந்த பயன் தருகிறது.

உட்கருவிலுள்ள ஏட்டில் ஓர் எழுத்து பிழைபட்டால், ரைபோசோமில் உருவாகும் புரதம் பிழைபடுகிறது. அதனால் ஒரு சிறு பை நிரம்புகிறது. அதனால் ஒரு குழந்தையின் வாழ்வு சுருங்குகிறது. இந்தத் தொடரின் ஒவ்வொரு கண்ணியும் நாம் பள்ளியில் படமாக வரைந்து பெயர் எழுதிய உறுப்புகளே. அப்படத்தை மறுபடியும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, உறுப்பின் பெயரோடு நிறுத்தாமல், அது எதை எதிலிருந்து பிரித்துக் காக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னால் போதும். பாடம் தேர்வுக்கு மட்டும் அன்றி வாழ்வுக்கும் உதவும்.